உயர்த்திய வண்டியும் அடங்காத ஸ்டீயரிங்கும்: வாசகர் கேள்வி–பதில்

கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்காகச் சஸ்பென்ஷனை உயர்த்திய பிறகு, தார்ச்சாலையில் வண்டி சொன்னபடி கேட்பதில்லை என்று குறைப்பட்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஒரே குறையைப் பலர் எழுதியிருந்ததால் அவற்றைச் சேர்த்து ஏழு கேள்விகளாக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் வண்டிக்கு முன்னும் பின்னும் ஒற்றை அச்சு (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திட அச்சு), காயில் ஸ்பிரிங். 50 மி.மீ. உயர்த்தினேன். இப்போது நேர்ச்சாலையில்கூட வண்டி இரு பக்கமும் அலைகிறது. வளைவில் திருப்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்புவதில்லை. அலைன்மென்ட் பார்த்தவர் டோ (மேலிருந்து பார்க்கையில் முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) சரியாக இருக்கிறது என்கிறார். பிறகு எங்கே கோளாறு?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேஸ்டர் கோணத்தைத்தான். சைக்கிளின் முன் கவட்டையைப் பாருங்கள். அது நேராக நிற்காமல், மேல்முனை ஓட்டுபவர் பக்கமாகச் சாய்ந்திருக்கும். சக்கரம் தரையைத் தொடும் இடம் அந்தச் சாய்வுக் கோடு தரையைத் தொடும் இடத்துக்குப் பின்னால் விழுவதால், ஓடும்போது சக்கரம் தானாகவே நேராகிக்கொள்கிறது. உங்கள் முன் அச்சின் இரு முனைகளிலும், சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமாக உள்ள பால் ஜாயிண்ட் அல்லது கிங்பின்னுக்கும் அதே சாய்வு கொடுக்கப்பட்டிருக்கிறது. அது குறைந்தால் நேராக ஓட வேண்டும் என்ற நினைப்பே சக்கரத்துக்கு இல்லாமல் போகிறது.

வண்டியை உயர்த்தியது இதை எப்படிக் குறைக்கும் என்பதுதான் உங்களுக்கு விளங்காத இடம். அச்சை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கும் தடிகள் அச்சிலிருந்து பின்னோக்கிச் சென்று சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், பூட்டப்பட்டிருக்கின்றன. சேசிஸ் மேலே போகும்போது அத்தடிகளின் பின்முனையும் மேலே போகிறது, முன்முனையோ அச்சோடு கீழேயே நிற்கிறது. ஒவ்வொரு பக்கமும் ஒரே தடி அச்சை இறுகப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம் அமைப்பாக இருந்தால், தடி எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவும் அச்சு முன்னோக்கி உருண்டுவிடும். தடியின் நீளம் 900 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. உயர்வுக்குச் சுமார் 3.2 டிகிரி போய்விடுகிறது. தொழிற்சாலை கொடுத்ததே 2, 3 டிகிரிதான் என்றால் மிச்சம் ஒன்றுமில்லை. சில வண்டிகளில் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கும். மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு தடிகள் உள்ள அமைப்பில் இழப்பு பொதுவாக இதைவிடக் குறைவு, ஆனால் இழப்பு உண்டு.

ரேடியஸ் ஆர்ம் வண்டிக்கு, துளை மையத்திலிருந்து விலகியிருக்கும் கேஸ்டர் கரெக்ஷன் புஷ் (தடியின் முனையில் பொருத்தும் உருளை) கிடைக்கிறது. 50 மி.மீ. அளவிலான உயர்வுக்கு அது போதும். அதற்கு மேல் உயர்த்தியவர்கள் தடியின் சேசிஸ் முனையைத் தாழ்த்தும் பிராக்கெட்டையோ, கோணம் திருத்தி வடித்த புதிய தடியையோதான் நாட வேண்டும். நான்கு தடி வண்டிக்கு நீளம் மாற்றக்கூடிய தடிகள் நல்ல வழி. அவற்றில் மேல்தடியைச் சுருக்குவதைவிடக் கீழ்த்தடியை நீட்டுவதையே நான் விரும்புவேன். உயர்த்தியதால் சற்றுப் பின்னுக்கு இழுபட்ட அச்சு அதே வேலையில் முன்னுக்கு வந்து, டயர் மட்கார்டின் நடுவில் உட்காரும்.

ஓர் எச்சரிக்கை உண்டு. ஒற்றை அச்சில், சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் ஸ்டீயரிங் நக்கிள் நிற்கும் முனைகளும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபரன்ஷியலின் பினியன் கூடும் ஒரே வார்ப்பில் இணைந்தவை. கேஸ்டரைக் கூட்ட அச்சைப் பின்னோக்கி உருட்டினால் பினியனின் மூக்கு கீழே பார்க்கும், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயிண்ட்டில் கோணம் கூடி அதிர்வு பிறக்கும். முன் சக்கரங்களில் லாக்கிங் ஹப் இருந்து, சாலையில் அவற்றை விடுவித்து ஓட்டுபவருக்கு முன் ஷாஃப்ட் சுழல்வதேயில்லை என்பதால் கவலை குறைவு. நான்கு சக்கரமும் எப்போதும் ஓடும் வண்டி என்றால் தேவைக்கு மேல் ஒரு டிகிரிகூடக் கேட்காதீர்கள்.

கேள்வி: லீஃப் ஸ்பிரிங் வண்டி. கேஸ்டர் குறைந்துவிட்டது என்று 4 டிகிரி ஆப்புத் தகடு வாங்கி வைத்தேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. தகடு தரமற்றதா?

பதில்: தகடு நல்லதாகவே இருக்கலாம், திசை மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன். நானே முதன்முதலில் இதே தவற்றைச் செய்து, ஒரு நாள் முழுவதும், பட்டாவை அச்சோடு கட்டும் யூ போல்ட்டைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். பட்டாக் கட்டு (லீஃப் ஸ்பிரிங் அடுக்கு) அச்சுக்கு மேலே உட்கார்ந்திருந்தால் ஆப்பின் தடித்த முனை பின்பக்கம் இருக்க வேண்டும்; பட்டாக் கட்டு அச்சுக்குக் கீழே தொங்கினால் தடித்த முனை முன்பக்கம் இருக்க வேண்டும். இரண்டிலும் நோக்கம் ஒன்றே: நக்கிளின் மேல்முனை பின்னால் சாய வேண்டும். 4 டிகிரித் தகட்டைத் திருப்பி வைத்தால் இழப்பு 4 டிகிரி மட்டுமன்று, நீங்கள் எண்ணிய நிலையிலிருந்து 8 டிகிரி விலகி நிற்கிறீர்கள்.

கழற்றும்போதே இன்னும் சிலவற்றைப் பாருங்கள். அலுமினியத் தகடு முன் அச்சின் அடி தாங்காமல் நசுங்கும், இரும்புத் தகடுதான் வேண்டும். தகட்டின் தடிப்பால் சென்டர் போல்ட்டின் தலை அச்சின் குழியில் முழுதாக இறங்காமல் போனால் அச்சு நழுவிவிடும். எனவே நீளமான சென்டர் போல்ட் போடுங்கள். ஒருமுறை இறுக்கி நீண்ட யூ போல்ட்டை மீண்டும் போடாதீர்கள். பட்டாவின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளையும் நீட்டியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. முன் பட்டாவின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கும் வண்டியில் அதை நீட்டினால் கேஸ்டர் மேலும் குறையும். பின்முனையில் இருந்தால் கூடும்.

கேள்வி: உயர்த்திய பிறகு வண்டி நேராக ஓடும்போது ஸ்டீயரிங் வளையம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. வளையத்தைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஸ்டீயரிங் பெட்டிக்குள் நடுநிலை என்று ஓர் இடம் உண்டு. பற்கள் மிக நெருக்கமாகப் பொருந்தி, ஆட்டம் மிகக் குறைவாக இருக்கும் இடம் அது. வளையத்தை மட்டும் திருப்பி மாட்டினால் கண்ணுக்கு நேராகத் தெரியும், ஆனால் பெட்டி நடுவிலிருந்து விலகிய நிலையிலேயே ஓடும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். வண்டி உயர்ந்ததால், ஸ்டீயரிங் பெட்டியின் வெளிக்கையான பிட்மேன் ஆர்மிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் சாய்ந்து, அதன் கிடைநீளம் குறைந்ததுதான் காரணம். அதிலுள்ள திருகுக் குழாயைத் தளர்த்தி நீளத்தைச் சரிசெய்தால் வளையம் நேராகும். கிளாம்ப்பை இறுக்க மறக்காதீர்கள். டிராக் லிங்க்கின் நடுவிலிருந்து டை ராட் (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் தடி) கிளைக்கும் ஒய் வடிவ அமைப்பாக இருந்தால், அதன் நீளத்தை மாற்றும்போது டோவும் மாறும், ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள வண்டியில் இதற்கு அழகைத் தாண்டிய காரணமும் உண்டு. ஸ்டீயரிங் கோண சென்சார், நீங்கள் வளைவில் திருப்புவதாக எண்ணிக்கொண்டு நேர்ச்சாலையில் ஒரு சக்கரத்துக்குப் பிரேக் கொடுக்கக்கூடும். சரிசெய்த பிறகு அந்தச் சென்சாரின் நடுநிலையை ஸ்கேனர் வைத்துப் பதியச் செய்யுங்கள்.

கேள்வி: 75 மி.மீ. உயர்த்தியபோது தாழ்வான பிட்மேன் ஆர்ம் ஒன்றையும் சேர்த்துப் போட்டார்கள். இப்போது ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் ஸ்டீயரிங் கையைப் பிடுங்குகிறது. முன் டயர் ஒரு பக்கம் வெளியே துருத்திக்கொண்டும் இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்பது பேன்ஹார்ட் ராட். டிராக் பார் என்றும் சொல்வார்கள். ஒரு முனை சேசிஸிலும் மறுமுனை அச்சிலும் பூட்டப்பட்டு, அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது அதன் வேலை. 800 மி.மீ. நீளமுள்ள ராடின் இரு முனைகளுக்கும் முதலில் 100 மி.மீ. உயர வேறுபாடு இருந்தது என்று கொள்வோம். 75 மி.மீ. உயர்த்தியதும் அது 175 ஆகிறது. ராடின் கிடைநீளம் சுமார் 794 மி.மீ. இலிருந்து 781 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. அந்த 13 மி.மீ. அளவுக்கு அச்சு முழுவதும், ராட் சேசிஸில் பூட்டியிருக்கும் பக்கமாக இழுபடுகிறது. துருத்தும் டயரும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். நீளம் மாற்றக்கூடிய ராட் போட்டால் அச்சு நடுவுக்கு வந்துவிடும்.

கையைப் பிடுங்கும் கோளாறு இதைவிடச் சுவையானது. அச்சு ஏறி இறங்கும்போது பேன்ஹார்ட் ராடின் முனை ஒரு வில்லில் நகர்கிறது, டிராக் லிங்க்கின் முனையும் ஒரு வில்லில் நகர்கிறது. தொழிற்சாலையில் இந்த இரண்டையும் ஏறத்தாழ ஒரே நீளத்திலும் ஒரே சாய்விலும் வைத்திருப்பார்கள், ஆகையால் இரண்டு விற்களும் ஒத்துப்போகும். அச்சு ஏறினாலும் இறங்கினாலும் சக்கரம் திரும்பாது. உங்கள் வண்டியில் தாழ்வான பிட்மேன் ஆர்ம் டிராக் லிங்க்கை மட்டும் கிடைநிலைக்குக் கொண்டுவந்துவிட்டது; பேன்ஹார்ட் ராட் அதிகச் சாய்விலேயே நிற்கிறது. இப்போது அச்சு ஒரு பக்கம் நகர விரும்புகிறது, டிராக் லிங்க் விடுவதில்லை, நடுவில் சக்கரம் திரும்புகிறது. நீங்கள் திருப்பாமலே வண்டி திரும்பும் இதைத்தான் பம்ப் ஸ்டீயர் என்கிறார்கள்.

வண்டிக்கு முன்னால் குனிந்து நின்று இரண்டு தடிகளையும் ஒரே பார்வையில் பாருங்கள். அவை இணையாக இல்லையென்றால் வேறு சோதனையே தேவையில்லை. இரண்டும் சாய்வாக இருப்பது அவ்வளவு பெரிய குறை அன்று. இரண்டும் வெவ்வேறு சாய்வில் இருப்பதுதான் குறை. ஆகவே இரண்டே வழிகள். ஒன்று, பேன்ஹார்ட் ராடின் சேசிஸ் முனையைப் பிட்மேன் ஆர்ம் தாழ்ந்த அளவுக்கே தாழ்த்துவது, அல்லது அச்சு முனையை அதே அளவுக்கு உயர்த்துவது. இரண்டாவது, பழைய பிட்மேன் ஆர்மையே திரும்பப் போட்டுவிட்டு ராடின் நீளத்தை மட்டும் திருத்துவது. 75 மி.மீ. உயர்வுக்கு நான் முதலில் இரண்டாவதை முயன்று பார்ப்பேன். தாழ்வான ஆர்ம், அது பூட்டப்பட்டிருக்கும் பெட்டியின் செக்டர் ஷாஃப்ட்டுக்கும் கூடுதல் சுமை கொடுக்கிறது. அதைவிட உயர்த்தி, பிராக்கெட் வைத்தே ஆக வேண்டும் என்றால், சேசிஸ் பக்கம் தாழ்த்திய பிராக்கெட்டுக்குப் பக்கவாட்டில் முட்டு கொடுக்காமல் விடாதீர்கள். நீண்டு தொங்கும் பிராக்கெட் ஒவ்வொரு வளைவிலும் நெளிந்தால் அடுத்த கேள்விக்கு உரியவராகிவிடுவீர்கள்.

கேள்வி: மணிக்கு 70, 80 கி.மீ. வேகத்தில் பாலத்தின் இணைப்பு போன்ற ஏதாவது ஒன்றில் ஏறினால் முன்பக்கம் முழுவதும் வெறிபிடித்தது போல் ஆடுகிறது. ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்குகிறது. இரட்டை ஸ்டீயரிங் டாம்பர் (அதிர்வை அடக்கும் உருளை) போட்டால் நின்றுவிடும் என்கிறார்கள்.

பதில்: சில நாள் நிற்கும். பிறகு டாம்பர் களைத்ததும் முன்னைவிட மூர்க்கமாக வரும். டாம்பர் ஆட்டத்தை அடக்குமே தவிர ஆட்டத்துக்குக் காரணமான தளர்வை நீக்காது. அந்தத் தளர்வு இதற்குள் இன்னும் வளர்ந்திருக்கும். டாம்பர் வாங்கும் எண்ணத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு நண்பரை மட்டும் அழைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைச் சமதரையில், நான்கு டயரும் எடையைத் தாங்கியபடி நிறுத்துங்கள். ஜாக்கில் தூக்கினால் இந்தச் சோதனை பயன்படாது. கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பவர் ஸ்டீயரிங் வேலை செய்வதற்காக இன்ஜினை ஓடவிடுங்கள். நண்பர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக, ஒரு கையளவு, விடாமல் ஆட்டிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் முன்னால் படுத்து, ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலை வையுங்கள்: விரலின் பாதி ஒரு பாகத்திலும் பாதி அடுத்த பாகத்திலும் படும்படி. சுழலும் விசிறியும் பெல்ட்டும் இருக்கும் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத அரை மி.மீ. நழுவலும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

பேன்ஹார்ட் ராடின் இரு முனைகளிலிருந்தும் தொடங்குங்கள். வண்டியை உயர்த்தும் வேலையில் இந்தப் போல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும், திரும்ப இறுக்கும்போது இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் எடுப்பவர்கள் குறைவு. தளர்ந்த போல்ட் துளைக்குள் ஆடி ஆடி வட்டத்துளையை முட்டை வடிவமாக்கிவிடும். போல்ட்டைச் சுற்றி வண்ணம் உரிந்து இரும்பு பளபளத்தாலோ, துருப்பொடி செந்நிறக் கோடாக வழிந்திருந்தாலோ அதுதான் அடையாளம். அப்படி ஆகிவிட்ட துளையில் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. துளையைச் சீராகப் பெரிதாக்கி அடுத்த அளவு போல்ட் போட வேண்டும், அல்லது சரியான துளையுள்ள தடித்த தகட்டை அதன்மேல் பற்றவைக்க வேண்டும். அதன் பிறகு டை ராட் முனைகள், டிராக் லிங்க் முனைகள், ஸ்டீயரிங் பெட்டி சேசிஸில் பூட்டப்பட்ட இடம், தடிகளின் புஷ்கள். பால் ஜாயிண்ட்டையும் வீல் பேரிங்கையும் மட்டும் கடைசியில் ஜாக்கில் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள்.

சமநிலைப்படுத்தாத டயரும் மிகையான காற்றழுத்தமும் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கலாம். ஆனால் தொடங்கியதை வளர்த்துவிடுவது தளர்வுதான். சரிசெய்யும் வரை நெடுஞ்சாலை வேகம் வேண்டாம். வழியில் ஆட்டம் வந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, பதற்றத்தில் எதிர்த்துத் திருப்பாமல், நேராகவே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள்.

கேள்வி: முன்பக்கம் தனித்தனிச் சஸ்பென்ஷன், டார்ஷன் பார் (முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் தண்டு) வகை. பாரை முறுக்கியே 60 மி.மீ. உயர்த்தினேன். அலைன்மென்ட்டில் கேம்பரை (முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தை) சரிசெய்தால் கேஸ்டர் போகிறது. கேஸ்டரைச் சரிசெய்தால் கேம்பர் போகிறது.

பதில்: பெரும்பாலும் மையம் விலகிய ஒரே ஜோடி கேம் போல்ட்டுகளை வைத்துத்தான் இரண்டு கோணங்களையும் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது, அவை நகரும் தூரம் தொழிற்சாலை உயரத்துக்காகக் கணக்கிடப்பட்டது. உயர்த்தியதால் வந்த கேம்பரைத் திருத்துவதிலேயே அந்தத் தூரம் தீர்ந்துவிட்டால் கேஸ்டருக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. அலைன்மென்ட் போடுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இழந்த கோணத்தைத் தன் வடிவிலேயே சேர்த்து வைத்திருக்கும் மாற்று மேல் கைகளை (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம்) போடுங்கள், அல்லது உயரத்தை 40 மி.மீ. அளவுக்கு இறக்குங்கள். என்னைக் கேட்டால் இறக்குவதையே சொல்வேன். பாரை முறுக்கி உயர்த்தும்போது சக்கரம் கீழே தொங்குவதற்கான தூரம் அதே அளவு குறைகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் கைகள் கீழ்த்தடுப்பில் போய் இடிக்கும். டிரைவ் ஷாஃப்ட்டின் சி.வி. ஜாயிண்ட்டும் அதிகக் கோணத்தில் ஓடி, அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும்.

கேள்வி: எல்லாம் மாற்றியாகிவிட்டது. இனி எந்த வரிசையில் சரிசெய்வது? வண்டி இன்னும் லேசாக இடப்பக்கம் இழுக்கிறது.

பதில்: இழுப்பை முதலில் பார்ப்போம். முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில் இருக்கிறது. மாறாவிட்டால் இரு பக்கக் கேஸ்டரையும் ஒப்பிடுங்கள், வண்டி கேஸ்டர் குறைந்த பக்கமாகத்தான் இழுக்கும். ஓட்டம் முடிந்ததும் இரு பக்கச் சக்கரங்களுக்கு அருகிலும் கை காட்டி, ஒன்று மட்டும் அதிகமாகச் சுடுகிறதா என்றும் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். பின் அச்சையும் விட்டுவிடாதீர்கள். சேசிஸில் இரு பக்கமும் ஒரே இடத்திலிருந்து பின் ஹப் வரை அளந்து, வேறுபாடு இருந்தால் பின் அச்சு கோணலாக நிற்கிறது. முன்பக்கத்தை எவ்வளவு திருத்தினாலும் வண்டி நண்டு போலத்தான் போகும்.

வரிசை இதுதான். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளையெல்லாம் வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது இறுக்குங்கள்; தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும். அடுத்து கேஸ்டர். பிறகு பேன்ஹார்ட் ராடைச் சரிசெய்து அச்சை நடுவுக்குக் கொண்டுவருவது. அதற்குப் பின் டோ. இதை வீட்டிலேயே அளக்கலாம். முன் டயரின் நடுப்பட்டையில் ஹப் உயரத்தில் சாக்பீஸால் மெல்லிய கோடு போட்டு, முன்பக்கத்தில் இரு கோடுகளுக்கும் இடையே அளந்து, வண்டியை முன்னோக்கித் தள்ளி அதே கோடுகள் பின்பக்கம் ஹப் உயரத்துக்கு வந்ததும் மீண்டும் அளங்கள். தயாரிப்பாளர் கையேடு வேறு சொல்லாதவரை, முன்பக்க அளவு 1.5 முதல் 3 மி.மீ. வரை குறைவாக இருந்தால் போதும். கடைசியாகத்தான் டிராக் லிங்க்கைத் திருத்தி ஸ்டீயரிங் வளையத்தை நேராக்க வேண்டும்.

புதிய ஸ்பிரிங் சற்று அமரும் என்பதால் சுமார் 500 கி.மீ. ஓடிய பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்த்துவிட்டு, அதன் பின் அலைன்மென்ட் மேடையில் ஏற்றி அளவுத்தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகப்பு விளக்குகளின் ஒளியையும் அன்றைக்கே இறக்கிவிடுங்கள்.